கருவியிடம் போகும் முன் ஆளிடம் போங்கள்: பொது ஆய்வு மையங்களுக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு

பிஎச்.டி. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். உங்கள் லேபில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். இருக்கிறது, இன்குபேட்டர் இருக்கிறது, ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லப்போகும் கருவி அங்கே இல்லை. கன்ஃபோகல் நுண்ணோக்கி பக்கத்துக் கட்டடத்தில். செல்களை வகை பிரிக்கும் செல் சார்ட்டர் வேறொரு நிறுவனத்தில். நோயாளிகளின் ரத்த மாதிரி ஒரு மருத்துவக் கல்லூரியில். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவியை ஒவ்வொரு பேராசிரியரும் தனித்தனியாக வாங்க முடியாது. வாங்கினாலும் ஆண்டுதோறும் ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டிப் பராமரிக்க முடியாது. அதனால்தான் பல்கலைக்கழகங்கள் பொதுக் கருவி மையம் வைத்து நடத்துகின்றன.

மாணவனாக இருந்தபோது இந்த மையங்களின் வாசலில் சாம்பிளோடு காத்து நின்றிருக்கிறேன். அப்புறம் சில ஆண்டுகள் அப்படி ஒரு மையத்தின் உள்ளே இருந்து மற்றவர்களுக்குக் கருவி ஓட்டிக் கொடுத்தேன். நான் பார்த்த வீணான சாம்பிள்களில் பெரும்பாலானவை, யாரோ யாரிடமோ ஒரு வாரம் முன்னால் பேசாததால் வீணானவை. அந்த ஒரு வாரத்தை மிச்சப்படுத்த நினைத்து ஆறு மாதத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கருவி எங்கே

உங்கள் சீனியரிடம் கேட்பதுதான் முதல் வேலை. வளாகத்துக்குள் எது உண்மையில் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். வளாகத்தில் இல்லாவிட்டால் ஐ-ஸ்டெம் என்ற மத்திய அரசு இணையதளத்தைப் பாருங்கள். 2020 ஜனவரியில் தொடங்கியது. நாடு முழுக்க அரசுப் பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் தேடலாம், அதன் வழியாகவே முன்பதிவும் செய்யலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் சைஃப் என்ற பொதுக் கருவி மையங்களில் ஒன்று சென்னையில், ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கிறது. பெங்களூரில் என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம், சி-கேம்ப் ஆகிய மூன்று உயிரியல் நிறுவனங்களும் ஒரே வளாகம். அங்கே சி-கேம்ப் வெளியாருக்கும் கட்டணத்துக்குச் செய்து தருகிறது.

இணையதளத்தில் ஒரு கருவி இருப்பதாகப் போட்டிருந்தால் அது இன்று ஓடுகிறது என்று அர்த்தமில்லை. போன் செய்து கேளுங்கள்: "இப்போ ஓடுதா சார்? எந்தெந்த லேசர் வேலை செய்யுது?" 561 நானோமீட்டர் லேசர் மூன்று மாதமாக ரிப்பேரில் இருப்பது எந்த இணையதளத்திலும் இருக்காது. உங்கள் சிவப்புச் சாயம் அந்த லேசரை நம்பி இருந்தால், சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறும் முன் அது தெரிய வேண்டும்.

கட்டணம் பெரும்பாலும் மூன்று அடுக்கு: சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் குறைவு, வெளிக் கல்வி நிறுவனங்களுக்குக் கொஞ்சம் கூட, கம்பெனிகளுக்கு அதிகம். ஜி.எஸ்.டி. தனியா, மணிக்கணக்கா சாம்பிள் கணக்கா, பணம் முன்னாலேயே கட்ட வேண்டுமா என்று கேட்டு உங்கள் கைடிடம் சொல்லிவிடுங்கள். எந்த புராஜெக்ட்டில் இருந்து செலவு போகும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் ஃபெல்லோஷிப்பில் இருந்து நீங்களே கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள்.

வெறுங்கையோடு ஒரு முறை

இதுதான் முக்கியமான படி. சாம்பிள் இல்லாமல், வெறும் நோட்டுப் புத்தகத்தோடு மையத்துக்கு ஒரு முறை போங்கள். கருவியை ஓட்டுபவரைப் பார்த்து அரை மணி நேரம் பேசுங்கள்.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணிப் பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி மையத்துக்கு நான் முதன்முதலாகப் போனபோது அங்கே இருந்த அக்கா என் ஆய்வுத் தலைப்பைக் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "தம்பி, பேப்பர்ல கடைசியா எந்தப் படம் வரணுமோ அதை வரைஞ்சு காட்டு" என்றார். நான் இரண்டு கோடு போட்டுவிட்டு முழித்தேன். கிடைக் கோட்டில் என்ன, நெடுக்கில் என்ன என்று கேட்டார். எதோடு எதை ஒப்பிடுகிறாய் என்றார். இருபது நிமிடத்தில் எனக்கே என் சோதனை என்னவென்று தெளிவாகிவிட்டது. மையத்தில் உட்கார்ந்த பிறகு நானும் வந்தவர்களிடம் அந்தத் தாளைத்தான் நீட்டினேன்.

அந்தப் படத்தில் இருந்து பின்னோக்கி வாருங்கள். உங்களுக்கு வேண்டிய செல் மொத்தத்தில் 0.1 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி செல் கொண்டுவந்தால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அதிகபட்சம் 10,000 செல்தான் கிடைக்கும். நடைமுறையில் அதைவிடக் குறையும். நொடிக்கு 10,000 செல் வீதம் ஓட்டினால் ஒரு கோடிக்குச் சுமார் 17 நிமிடம். இது ஓட்டும் நேரம் மட்டும். கருவியைத் தயார் செய்வது, கன்ட்ரோல் பார்ப்பது, கழுவி வைப்பது எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து ஸ்லாட் போடாதீர்கள். சரி, அந்த 10,000 செல்லை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? ஆர்.என்.ஏ. எடுத்து, அதன் அளவைச் சொல்லும் க்யூ.பி.சி.ஆர். பார்க்கலாம். புரதம் பார்க்கும் வழக்கமான வெஸ்டர்ன் பிளாட்டுக்கு அது போதாது. இந்தக் கணக்கை நாள் முழுக்க சார்ட் செய்த பிறகு போடுகிறவர்களும் உண்டு.

குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி எது, அதில் எந்தச் சாயம் என்பதையும் அந்த நாளிலேயே பேசிவிடுங்கள். ஃபிட்சி என்ற பச்சைச் சாயத்தின் ஒளி, பி.இ. என்ற ஆரஞ்சுச் சாயத்தின் டிடெக்டரில் கசியும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு சாயமும் தனியாகப் போட்ட ஒரு டியூப், சாயமே போடாத ஒரு டியூப் வேண்டும். செத்த செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் உயிருள்ளதைப் பிரித்துக் காட்டும் சாயமும் வேண்டும். இந்த டியூப்களை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். மையத்தில் இருக்காது.

இன்னொன்று. கருவியை ஓட்டுபவரில் பலர் ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள். உங்கள் கைடுக்கு அவர் டெக்னீஷியன். உங்களுக்கு அவர்தான் முதல் கூட்டாளி. ஒரே கருவியில் நூறு பேருடைய சாம்பிளைப் பார்த்தவர் அவர். எந்தச் சாம்பிள் கெடும், எதனால் கெடும் என்று உங்கள் கைடைவிட அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அனுமதிக் காகிதங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் இதை விட்டால் பேப்பர் அனுப்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். மனித மாதிரி என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். மாதிரி எடுக்கும் மருத்துவமனையும் சோதிக்கும் பல்கலைக்கழகமும் வேறு வேறாக இருந்தால், இரண்டு இடத்திலும் என்ன தேவை என்று கேளுங்கள். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில், மாதிரி வேறு ஆய்வுக்கூடத்துக்கும் போகலாம் என்ற வரி இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அது தமிழில், அவருக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். டியூபின் மேல் நோயாளியின் பெயர் வரக் கூடாது, குறியீடு மட்டும். பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் மருத்துவமனையிலேயே இருக்கட்டும்.

விலங்கு என்றால் விலங்கு நெறிமுறைக் குழு. லென்டிவைரஸ் போல மரபணு மாற்றும் வேலை என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு. மாதிரி வெளிநாட்டுக்குப் போவதாக இருந்தால் அது தனிப் பாதை, மாதக்கணக்கில் ஆகும்.

மனித ரத்தம் கொண்டுவந்தால் கருவி ஓட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சார்ட்டரில் செல் சின்னச் சின்னத் துளியாகத் தெறித்துப் போகிறது. முனை அடைத்தால் அந்தத் துளி காற்றில் பரவும், பக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசிப்பார். "நார்மல் சாம்பிள்தான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவது அவர் உயிரோடு விளையாடுவது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

கழிவையும் யார் எடுப்பது என்று கேட்டு வையுங்கள். 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மாசுபட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பையில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில், திசுவும் கிருமி வளர்த்த தட்டுகளும் மஞ்சளில் போக வேண்டும்.

ஒரு பக்கத்தில் ஒரு உடன்பாடு

இரண்டு குழு சேர்ந்து வேலை செய்யும்போது பேராசிரியர்கள் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்துவிடுவார்கள். "பண்ணிடலாம் சார்", "ஆமா, பசங்க பார்த்துக்குவாங்க." பார்த்துக்கொள்ள வேண்டிய பசங்க நீங்கள்தான். இரண்டு ஆண்டு கழித்துப் பேப்பரின் முதல் ஆசிரியர் யார் என்று வரும்போது, அந்த டீ நேரத்தில் என்ன பேசினார்கள் என்பது இருவருக்கும் வேறு வேறாக நினைவிருக்கும்.

அதனால் அன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். மாணவர் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். "ஐயா, இன்று பேசியதை எனக்காகக் குறித்து வைத்தேன், தவறிருந்தால் திருத்துங்கள்" என்று பணிவாக இரண்டு பேராசிரியர்களுக்கும் ஒரே மடலில் அனுப்பினால் யாருக்கும் மனம் கோணாது. அதில் இவையெல்லாம் வரட்டும்: மாதிரி யார் தருகிறார்கள், ஆன்டிபாடியும் கிட்டும் யார் வாங்குகிறார்கள், கருவிக் கட்டணம் எந்த புராஜெக்ட்டில், எந்த மாணவர் எதைச் செய்வார், முதல் ஆசிரியர் யார், அது எந்தச் சூழலில் மாறலாம், ஒரு மாணவர் பாதியில் போய்விட்டால் வேலை யாரிடம் சேரும், மீதி மாதிரியை யார் வைத்துக்கொள்வது, வேறு ஆய்வுக்குப் பயன்படுத்த யாரைக் கேட்க வேண்டும், எந்தத் தரவு யாருடைய ஆய்வேட்டில் போகும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் விட்டுப்போவது. ஒரே படம் இரண்டு மாணவர்களின் ஆய்வேட்டில் வந்து, இரண்டு பேருமே வாய்மொழித் தேர்வில் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தப்பு அவர்கள் மேல் இல்லை. எழுதி வைக்கச் சொல்லி யாருமே அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

யார் ஆசிரியர் என்ற கேள்விக்கு மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் ஐ.சி.எம்.ஜே.இ. என்ற இதழாசிரியர் குழுவின் நான்கு நிபந்தனைகளைப் பின்பற்றுகின்றன. திட்டமிடுதலிலோ தரவு எடுப்பதிலோ ஆராய்வதிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வேலை முழுவதற்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். நிதி வாங்கித் தந்தது மட்டும் போதாது. கருவி ஓட்டியவர் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: "கட்டணம்தான் கட்டிட்டோமே, அப்புறம் எதுக்குப் பெயர்?" கட்டணம் கருவிக்கு. சாயங்களை மாற்றி அமைத்து, எந்தக் கன்ட்ரோல் வேண்டும் என்று யோசித்து, படத்தைப் பிரித்துப் பொருள் சொன்னவருக்கு ஆசிரியர் இடம் உண்டு, கட்டணம் கட்டியிருந்தாலும். பட்டனைத் தட்டிக் கொடுத்ததோடு சரி என்றால் நன்றிப் பகுதியில் பெயர். இதில் எது என்பதை வரைவு எழுதும் முன்னாலேயே அவரோடு பேசிவிடுங்கள்.

பயிற்சி, ஸ்லாட், லாக் புக்

பயிற்சி எடுக்காமல் கருவியில் கை வைக்காதீர்கள். சீனியரின் லாகினில் உட்காருவது எல்லா இடத்திலும் நடக்கிறது. நடப்பதால் அது சரியாகிவிடாது. ஏதாவது உடைந்தால் அவர் பெயர் மாட்டும், நீங்களும் கற்றுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

முதல் ஆண்டில் நான் ஒரு தப்பு செய்தேன். கன்ஃபோகலுக்கு ஸ்லைடு தயார் செய்து, கவர் ஸ்லிப்பின் ஓரத்தை நெயில் பாலிஷ் வைத்து அடைத்தேன். ஸ்லாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாலிஷ் காயும் முன் எடுத்துக்கொண்டு ஓடினேன். 63 எக்ஸ் ஆயில் லென்ஸ் ஸ்லைடைக் கிட்டத்தட்டத் தொட்டபடிதான் நிற்கும், நடுவில் ஒரு துளி எண்ணெய். ஸ்லைடின் ஓரத்தைப் பார்க்க நகர்த்தியபோது பாலிஷ் லென்ஸில் ஒட்டியது. படம் கொஞ்சம் மங்கியது. எண்ணெய் சரியில்லை போல என்று நினைத்து, துடைத்துவிட்டு வந்துவிட்டேன். லாக் புக்கில் 'ஓகே' என்று எழுதினேன். அடுத்து வேறு துறை மாணவி ஒருவர், எலி மூளை வெட்டுகளை இரண்டு நாள் படம் எடுத்தார். எல்லாம் மங்கல். தன் சாயம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி சாயமேற்றினார். காரணம் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த லாக் புக்கில் நான் எழுதிய 'ஓகே'யை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் லாக் புக்கில் உண்மையை எழுதுங்கள். "63 எக்ஸ் லென்ஸில் மங்கல், காரணம் தெரியவில்லை" என்ற ஒரு வரி போதும், அடுத்தவர் பிழைத்துக்கொள்வார். நல்ல மையத்தில் உடைத்ததற்குத் திட்டு விழாது, மறைத்ததற்குத்தான் விழும்.

மிக வேகமாகச் சுழலும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் லாக் இன்னும் பெரிய விஷயம். 1998 டிசம்பரில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஓடிக்கொண்டிருந்த அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் டியூப்களைச் சுழற்றும் ரோட்டர் உடைந்து சிதறியது. அதிர்ச்சியில் லேபின் ஜன்னல்கள் போயின. நல்லவேளை யாருக்கும் காயமில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போகிறது, அதனால் ரோட்டருக்கு ஆயுள் கணக்கு உண்டு. எத்தனை முறை, எந்த வேகத்தில் ஓடியது என்று அதைப் பகிரும் ஐந்து லேப்களும் எழுதினால்தான் அந்தக் கணக்குத் தெரியும். ஒருவர் எழுதாமல் விட்டாலும் மற்ற நால்வருக்கும் தெரியாது.

ஸ்லாட் பதிவு செய்துவிட்டு வரவில்லை என்றால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள். இரவு பதினொரு மணி ஸ்லாட்டுக்குப் பேருந்து பிடித்து வருகிற யாரோ ஒருவருக்கு உங்கள் பகல் ஸ்லாட் கிடைக்கும்.

சாம்பிளைத் தயார் செய்வது

ஃப்ளோவுக்கு வரும் செல்லை ஓட்டும் முன் 40 மைக்ரான் சல்லடையில் வடிகட்டுங்கள். சார்ட்டர் முனையின் துளை 70 அல்லது 100 மைக்ரான்தான், கட்டியாகச் சேர்ந்த செல் அதை அடைத்துவிடும். ஒருவர் அடைத்தால் அன்றைய மற்ற மூன்று பேரின் நாளும் போகும். கன்ஃபோகலுக்கு 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 1.5 எண் கவர் ஸ்லிப்பே போடுங்கள். லென்ஸ் அதற்காகச் செய்தது. பாலிஷ் காயட்டும். மூலக்கூறின் எடையை அளந்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கொடுக்கும் புரதத்தில் எஸ்.டி.எஸ்., டிரைட்டன் போன்ற டிடர்ஜென்ட் இருந்தால் உங்கள் சிக்னல் அதில் மூழ்கும், கருவியும் அழுக்காகும். புரதம் ஓட்டிய ஜெல்லைக் கையுறை இல்லாமல் தொட்டால், முடிவில் உங்கள் தோலின் கெரட்டின்தான் முதல் பெயராக வரும்.

பொது இன்குபேட்டரும் பொது ஃப்ரீசரும்

வேறு லேபில் இருந்து செல் லைன் வாங்கிவந்தால் முதலில் தனி இன்குபேட்டரில் வையுங்கள், மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சின்ன பாக்டீரியா இல்லையா என்று பி.சி.ஆர். பார்த்த பிறகே பொது இன்குபேட்டர். மைக்கோபிளாஸ்மா மீடியத்தைக் கலங்கவைக்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டிப் போகும். ஒரு குடுவையில் வந்தது இரண்டு மாதத்தில் மூன்று லேபின் செல்லிலும் இருக்கும், ஒவ்வொரு லேபும் மற்றதைச் சந்தேகிக்கும். செல் எந்த செல் என்பதையும் எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. அடையாளச் சோதனையில் உறுதி செய்யுங்கள். 1951ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியில் இருந்து வளர்த்த ஹீலா செல், வேறு பெயரிட்ட எத்தனையோ குடுவைகளுக்குள் புகுந்து, அதையே அந்த வேறு செல் என்று நம்பி ஆய்வுகள் வந்திருக்கின்றன.

மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு பெட்டி கிடைத்தால் அதன் மேல் உங்கள் முழுப் பெயர், கைடின் பெயர், ஆண்டு எழுதுங்கள். 'கே.எஸ்.' என்று மட்டும் எழுதிய பெட்டிகள் ஒவ்வொரு பொது ஃப்ரீசரிலும் கிடக்கின்றன. அந்த கே.எஸ். படிப்பை முடித்து எங்கோ போய்விட்டார், தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை. கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறந்து பார்க்காதீர்கள். மூடியிருக்கும் வரை குளிர் நிற்கும். யாரைக் கூப்பிட வேண்டும் என்ற போன் நம்பர் கதவில் ஒட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். திரவ நைட்ரஜன் இருக்கும் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வேலை செய்யாதீர்கள். அது ஆவியானால் சுமார் 700 மடங்கு விரிந்து அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும், மயங்கி விழும் முன் மூச்சுத் திணறல்கூடத் தெரியாது.

தரவு

கருவியின் கம்ப்யூட்டர் உங்கள் சேமிப்புப் பெட்டி அல்ல. இடம் நிறைந்தால் மையம் அழித்துவிடும், அழிக்கவும் வேண்டும். எடுத்த அன்றே கருவி தரும் மூல ஃபைலை அப்படியே இரண்டு இடத்தில் வையுங்கள். ஃப்ளோ என்றால் எஃப்.சி.எஸ். ஃபைல், நுண்ணோக்கி என்றால் அந்த கம்பெனியின் சொந்த ஃபைல். ஜே.பெக்காக மாற்றிவிட்டு மூலத்தை விட்டுவிட்டால், லேசர் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்ற விவரமெல்லாம் போய்விடும். இதழின் விமர்சகர் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. பென் டிரைவைக் கருவியில் சொருகும் முன் மையத்தின் விதியைக் கேளுங்கள், ஒரு வைரஸ் நுழைந்து கருவி நாட்கணக்கில் நின்ற இடங்கள் உண்டு. ஃபைல் பெயரில் தேதி, உங்கள் பெயர், சாம்பிள் குறியீடு மூன்றும் வரட்டும். 'டெஸ்ட்2 ஃபைனல் புதுசு' என்று வைத்தால் மூன்று மாதத்தில் உங்களுக்கே புரியாது.

பேப்பர் வந்ததும்

நன்றிப் பகுதியில் மையத்தின் சரியான பெயரை, அவர்கள் கேட்டிருக்கும் வடிவத்திலேயே போடுங்கள். கருவி எந்த அரசு நிதியில் வாங்கப்பட்டது என்ற வரியும் வேண்டியிருக்கும், மையத்தில் கேட்டால் தருவார்கள். பேப்பர் வெளியான வாரமே அதன் பி.டி.எஃப்.பை மையத்துக்கு அனுப்புங்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில், ஏ.எம்.சி. புதுப்பிக்கும் கோப்பில், ஒப்பந்தப் பணியாளரின் பணி நீட்டிப்புக் கடிதத்தில் அவர்கள் இணைக்கும் பட்டியலில் அது ஒரு வரியாகச் சேரும். முடிந்தால் ஒரு பிரதி அச்சிட்டு, அந்தப் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எனக்குத் தாளை நீட்டிய அக்காவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அப்படி நான்கைந்து பக்கங்கள் இருந்தன. என் படத்தையும் அங்கேதான் வைத்தார்.